மலைமேல் யாரும் கேட்கவில்லை, அடிவாரத்தில்தான் கேட்டார்கள்

கோடை விடுமுறையில் எங்கள் இடையஞ்சாவடி மாலை வகுப்புப் பிள்ளைகள் 17 பேரை மலையேற அழைத்துச் சென்றோம். ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள். சிலருடைய அம்மா அப்பா மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். உப்புக் குவியலை விட உயரமான ஒன்றின் மேல் அவர்களில் பாதிப் பேர் ஏறியதே இல்லை.

மலையேற்றத்தில் ஒரு கணக்கு உண்டு. வெயில் ஏறுவதற்குள் பாதி மலையைத் தாண்டிவிட வேண்டும். அதற்கு விடிகாலையில் புறப்பட வேண்டும். அப்படியானால் முதல் நாள் இரவே அடிவாரத்தில் தங்கியாக வேண்டும். எங்களிடம் இரண்டு தார்ப்பாய், ஒரு மூட்டை அரிசி, பெரிய குண்டான் ஒன்று இருந்தன. படுக்க ஓர் இடமும் குடிக்கத் தண்ணீரும் இருந்தால் போதும்.

மூன்று நாள் முன்பே அடிவாரத்தில் ஒரு மண்டபத்துக்குப் போன் செய்து கேட்டிருந்தேன். வாடகை 1,500 ரூபாய் என்றார்கள், ஒப்புக்கொண்டேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் நின்றோம். சாவி வைத்திருந்தவர் பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"எந்த ஊருங்க?"

"இடையஞ்சாவடி. ஆரோவில் பக்கம்."

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிதாங்க" என்றேன்.

உள்ளே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். "கொழாயில தண்ணி வரல சார். வேற எடம் பாத்துக்குங்க" என்றார். அவருக்குப் பின்னால் அதே குழாயில் வேறொரு குழுவினர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. பின்னால் காலி மனை. வெளியூர் இளைஞர்கள் நாலைந்து டெண்ட் அடித்திருந்தார்கள். கடைக்காரரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க, நாளைக்கு நான் கடை வைக்கணும் இல்ல?" என்றார். இருட்டிவிட்டது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, மலைக்கு மேலயும் கேப்பாங்களா?"

மலையின் பெயரை நான் சொல்லவில்லை. சொன்னால், "அந்த ஊர்தான் அப்படி" என்று மற்ற அடிவாரங்கள் எல்லாம் கைகழுவிக்கொள்ளும். இந்தப் பத்தியைப் படிக்கிற எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஊர்களில் இதே கேள்வி வந்திருக்கும். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் சாவி வைத்திருப்பவர் ஆவணத்தைப் பார்த்துக் கேட்பதில்லை, முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்.

அன்றிரவு பிள்ளைகளுக்கு நான் அம்பேத்கரின் கதையைத்தான் சொன்னேன். வெளிநாட்டில் படித்துவிட்டுப் பரோடா அரசின் வேலைக்குத் திரும்பியவருக்கு அந்த நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஆட்கள் வந்து அவரை வெளியேற்றினார்கள். பூங்காவில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருந்தார்.

இன்னொரு சம்பவம் எங்களுடையதைப் போன்றது. 1934-இல் சுமார் 30 தோழர்களோடு அவர் தௌலதாபாத் கோட்டையைப் பார்க்கப் போனார். அதுவும் மலைக்கோட்டைதான். பயணப் புழுதியோடு வந்தவர்கள் கோட்டை வாசலில் இருந்த சிறிய தொட்டியில் முகம் கழுவினார்கள். தொட்டியைத் தீட்டாக்கிவிட்டதாகக் கூச்சல் எழுந்தது, கூட்டம் கூடியது. எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது என்று சொல்லி, ஆயுதம் ஏந்திய காவலர் ஒருவரைக் கூடவே அனுப்பித்தான் கோட்டையைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். இவற்றை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் அவரே எழுதியிருக்கிறார். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

சுமார் 90 ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்று அவரைத் தடுத்தது தொட்டித் தண்ணீர். எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் குழாய்த் தண்ணீர்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வலிக்கும். எங்கள் ஊரைச் சுற்றி விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. முதுகில் பெரிய பை சுமந்துகொண்டு உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வருகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார்கள். அவர்களிடம் பாஸ்போர்ட் கேட்பார்கள், வாடகை கேட்பார்கள். "ஊரா, காலனியா?" என்று கேட்பதில்லை. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் தங்க இடம் கிடைக்கும் என்று நம்பித்தான் வந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15(2) பிரிவு கடை, உணவகம், ஓட்டல் எங்கும் சாதியின் பேரால் தடுக்கக் கூடாது என்கிறது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தர்மசாலையையும் சத்திரத்தையும் தனியே குறிப்பிடுகிறது. தீண்டாமை காரணமாக அங்கே இடம் மறுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. பயணிக்கு இரவுத் தங்கல் ஓர் உரிமை என்பது 70 ஆண்டுகளாகச் சட்டத்தில் இருக்கிறது.

ஆனால் யாரும் சாதியைச் சொல்லி மறுப்பதில்லை. "தண்ணி வரல", "புக் ஆயிடுச்சு", "சாவி அவரு எடுத்துட்டுப் போயிட்டாரு" என்பார்கள். வழக்கு நிற்க வேண்டுமானால் சாட்சியம் வேண்டும். ஆகவே மாணவர்களுக்குச் சொல்கிறேன். இடம் கேட்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள், பதிலையும் எழுத்தாக வாங்குங்கள். முன்பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். மறுத்தால் நேரத்தையும் சொன்ன வார்த்தையையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. நான் இதில் தவறிவிட்டேன். வாய் வார்த்தையை நம்பிப் போனேன். கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

"இடம் கிடைக்காவிட்டால் காட்டோரமாகப் படுத்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் தங்குவது குற்றம், ஆபத்தும் கூட. அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. மலைவாழ் மக்களிலிருந்து வழிகாட்டிகளைப் பயிற்றுவித்து அமர்த்தியது. வரவேற்கிறோம். ஆனால் ஆன்லைனில் பதிவுசெய்து, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, சொந்த வண்டியில் விடிகாலையில் வந்து இறங்குகிறவருக்குத்தான் அது வசதி. பஸ்ஸில் வந்து ராத்தங்க வேண்டிய ஏழைப் பிள்ளைக்கு அடிவாரத்தில் என்ன ஏற்பாடு?

எங்கள் மாவட்டத்திலேயே செஞ்சி இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று மூன்று குன்றுகளைச் சுற்றிய கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். 15 வயது வரை உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் இருட்டுவதற்குள் கோட்டையைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு தூரத்து ஊர்ப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? லாட்ஜுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. மண்டபத்துக்குப் போனால் அந்தக் கேள்வி.

வழி இல்லாமல் இல்லை. மே மாதத்தில் ஆதிதிராவிடர் நல விடுதிகள் காலியாக இருக்கின்றன. அரசுப் பள்ளிகளும் அப்படியே. கழிப்பறை உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, சமையற்கூடம் உண்டு. மலையடிவாரத்தில் உள்ள இந்தக் கட்டடங்களை விடுமுறையில் மாணவர் தங்குமிடமாகத் திறந்துவிடலாம். பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் இருந்தால் எந்தச் சாதிப் பிள்ளையும் தங்கலாம் என்று மாவட்ட ஆட்சியர் ஓர் உத்தரவு போட்டால் போதும், புதிதாக ஒரு செங்கல்லும் வைக்க வேண்டாம். உதகையிலும் கொடைக்கானலிலும் இளைஞர் விடுதி நடத்துகிற சுற்றுலா வளர்ச்சிக் கழகம் செஞ்சியிலும் ஒன்று தொடங்கலாம். அது எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகப் பாய் விரிக்கும் இடமாக இருக்க வேண்டும். எங்களுக்கென்று தனியாக ஒரு கொட்டகை போட்டுத் தருவதை நாங்கள் கேட்கவில்லை.

அன்றிரவு நாங்கள் எங்கே தங்கினோம் என்று சொல்ல வேண்டும் அல்லவா? ஓர் ஆட்டோக்காரத் தம்பி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க தெருவுக்கு வாங்கண்ணா" என்று கூட்டிப் போனார். அந்தக் காலனியின் படிப்பகத் திண்ணையில் தார்ப்பாய் விரித்தோம். நாங்கள் அடுப்பு மூட்டவே இல்லை. வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் வந்தன. ஒரு பாட்டி, "பொம்பளப் புள்ளைங்க எங்க வீட்ல படுக்கட்டும்" என்று எங்கள் பிள்ளைகளை அழைத்துப் போனார். மூன்று குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த ஊரில் எங்களுக்குத் தண்ணீர் இருந்தது அங்கே மட்டும்தான்.

அந்த அன்புக்கு நன்றி. ஆனால் இதையே தீர்வாக வைத்துக்கொள்ள முடியாது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சேரியைத் தேடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், மண்டபத்துச் சாவிக்காரர் சொன்னதை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

விடிகாலையில் ஏறினோம். வழியில் ஒரு குடும்பம் எங்கள் பிள்ளைகளோடு சுண்டலைப் பகிர்ந்துகொண்டது. படி ஏற முடியாத ஒரு பெரியவரின் கையைப் பிடித்து எங்கள் பையன் ஒருவன் மேலே கூட்டி வந்தான். யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. உச்சியில் அந்த எட்டாம் வகுப்புப் பெண் என்னிடம் வந்து, "இங்க யாரும் கேக்கலண்ணா" என்றாள்.

அடுத்த கோடையில் செஞ்சிக்குப் போகலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். இரவு தங்குவதற்கு ஓர் அரசுப் பள்ளிக் கட்டடம் கேட்டு ஆட்சியருக்கு மனு எழுதியிருக்கிறோம். 17 பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்த முறை எழுத்தாகத்தான் கேட்கிறோம்.