குறைந்த ஜி.பி.ஏ.க்குக் கண்ணீர் விளக்கம் ஆகாது

கலைப்பீடத்தில் படிச்சிட்டு எம்.பி.ஏ.யோ எண்டு சிரிக்கிறவை சிரிக்கட்டும். வெளிநாட்டு வணிகக் கல்லூரிகள் எந்தப் பட்டதாரியையும் எடுக்கும். சிக்கல் வேறை: எங்களில் பலரிடம் இருப்பது 2.7, 2.8 ஜி.பி.ஏ. ஹார்வர்ட் மாதிரி இடங்களுக்குள் போறவையின் சராசரி 3.7 அளவில் நிற்குது.

இந்த இடைவெளியை விளக்க விண்ணப்பத்தில் ஒரு விருப்பக் கட்டுரைக்கு இடம் இருக்கும். அதில் என்ன எழுதலாம் எண்டு கேட்டால், காசு வாங்கிற ஆலோசகரும் காசு வாங்காத அண்ணாமாரும் ஒரே பதிலைத்தான் சொல்லினம்: "யுத்தத்தை எழுது, வறுமையை எழுது, வாசிக்கிற ஆள் அழவேணும்."

இதை நாங்கள் மறுக்கிறோம். எங்கட வீடுகளின் இழப்புகள் அனுமதிக்குக் கொடுக்கிற விலை அல்ல. அதைவிட, இந்த யோசனை வேலைக்கும் உதவாது. தேர்வுக் குழுவின் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் கணக்கியலையும் புள்ளிவிபரவியலையும் தாக்குப்பிடிப்பாரா? கண்ணீர் இதற்குப் பதில் சொல்லாது. 205 முதல் 805 வரை போகும் ஜிமாட்டில் எடுத்த நல்ல புள்ளி சொல்லும். பட்டத்துக்குப் பிறகு படிச்சு முடிச்ச கணக்கியல் பாடநெறி சொல்லும். முதலாம் வருடத்தில் விழுந்து கடைசி வருடத்தில் ஏறிய பெறுபேறு சொல்லும்.

"ஜி.பி.ஏ. வெறும் இலக்கம்" எண்ட வசனத்தையும் நாங்கள் நம்பேல்லை. லெக்சருக்குப் போகாமல் விட்டவர் அதையும் ஒரு வரியில் ஒத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த இலக்கம் எப்படி வந்தது எண்டதும் சொல்லப்படவேணும். எங்கட அரச பல்கலைக்கழகங்களில் பொதுவாக ஒரு பாடத்தை ரிப்பீட் எழுதினால், எவ்வளவு திறமாக எழுதினாலும் கிடைக்கிற உச்சம் சி, அதாவது 2.00. இது தெரியாத வெளிநாட்டு அலுவலர் அந்த சியைப் பார்த்து, ரெண்டாம் தரமும் மட்டுமட்டாகத்தான் பாஸ் பண்ணியிருக்கிறார் எண்டு நினைப்பார். அதுபோல 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வகுப்புகள் திரும்பவும் சூமுக்குப் போனதும், 2024 மே தொடங்கி யூலை வரை நீண்ட கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தமும் பெறுபேற்றுத் தாளில் தெரியாது. இவை உண்மையில் பாதித்திருந்தால், எந்த செமஸ்டர், எந்தப் பாடம் எண்டு ரெண்டு வரியில் எழுதலாம். அது கெஞ்சல் இல்லை, தகவல்.

அந்தத் தகவலை மாணவர் மட்டும் ஏன் சுமக்கவேணும்? பல்கலைக்கழகங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. பெறுபேற்றுத் தாளிலேயே ரிப்பீட் உச்சவரம்பை அச்சிடுங்கோ. ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் பட்ச் எடுத்த சராசரியையும் போடுங்கோ. பட்சே சி எடுத்த பாடத்தில் ஒருவர் பி எடுத்தது எவ்வளவு பெரிய விசயம் எண்டு அப்பதான் வாசிக்கிறவருக்கு விளங்கும். இதுக்குப் புதுக் கட்டிடமும் தேவையில்லை, அமைச்சரின் கையெழுத்தும் தேவையில்லை.

அதுவரைக்கும் விண்ணப்பிக்கிற எங்கட ஆக்களுக்கு ஒன்று சொல்லுவம்: விருப்பக் கட்டுரையை அரைப் பக்கத்தில் முடியுங்கோ. நடந்தது என்ன, அதுக்குப் பிறகு செய்தது என்ன, அதற்கு ஆதாரம் என்ன. அம்மாவின் கண்ணீரை அதுக்குள்ளை கொண்டுபோகாதேங்கோ.