பாதத்தின் மேல் பழி போடாதீர்கள்!

கிராஸ்ஃபிட் ஜிம்மில் புதிதாகச் சேர்பவரிடம் யாராவது ஒருவர் சொல்லியே தீருவார்: "உங்களுக்குத் தட்டைப் பாதம். அதுக்கேத்த ஷூ வாங்குங்க, இல்லாட்டி முட்டி போயிடும்." ஈரக்காலைக் காகிதத்தில் பதித்து, தடத்தைப் பார்த்தே ஜாதகம் கணித்துவிடுகிறார்கள். கைரேகை ஜோசியம் போய் கால்ரேகை ஜோசியம்!

இதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சியில் இருந்த 246 பேரின் பாதங்களை அளந்து 12 வாரம் கவனித்தார்கள். அதிகம் காயப்பட்டவர்கள், உள்வளைவு உயர்ந்த பாதக்காரர்கள். மிகத் தட்டையான பாதக்காரர்களுக்குத்தான் காயம் குறைவு!

சரி, பாதத்துக்கேற்ற ஷூ? அதையும் அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் சோதித்து 2009, 2010-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பாத வடிவம் பார்த்து ஷூ. இன்னொரு பிரிவினருக்குப் பாதம் எப்படி இருந்தாலும் ஒரே ரக ஷூ. காயக் கணக்கில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

"அதெல்லாம் ராணுவம், கிராஸ்ஃபிட் வேற" என்பார்கள். நியாயம்தான். 2014-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் 386 கிராஸ்ஃபிட்காரர்களிடம் விசாரித்ததில், முந்தைய ஆறு மாதத்தில் காயப்பட்டவர்கள் 19.4 சதவீதம். அதிகம் அடிபட்டவை எவை? தோளும் கீழ்முதுகும்! பயிற்சியாளர் கூட நின்று திருத்திய இடங்களில் காயம் குறைவு என்றும் அதே ஆய்வு சொல்கிறது. கம்பியில் தொங்கி ஆடித் தோளைக் கெடுத்துக்கொண்டவருக்குப் பாதத்தை அளந்து என்ன பயன்?

பாதத்துக்குச் சம்பந்தமே இல்லை என்பதல்ல வாதம். எடை ஏறும்போது உள்வளைவு அதிகம் இறங்குகிறவர்களுக்குக் கீழ்க்கால் முன்னெலும்பு வலி வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். பெட்டி மேல் தாவுகிறவர்களும் ஸ்கிப்பிங் ஆடுகிறவர்களும் இதைக் கவனிக்கலாம். வலியும் விறைப்பும் உள்ள தட்டைப் பாதம் என்றால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் வலியே இல்லாத பாதத்தை நோயாக்குவது வியாபாரம்.

பாதத்தைக் குற்றம் சொல்வது எல்லோருக்கும் வசதி. கடைக்காரருக்கு ஷூ விற்கிறது. முதல் வாரத்திலேயே கடிகாரத்தை வைத்து விரட்டிய கோச் தப்பித்துக்கொள்கிறார். மாட்டிக்கொள்வது, பிறந்ததிலிருந்து முனகாமல் சுமந்துவரும் பாதம்தான்.

அடுத்த முறை யாராவது காலைக் குனிந்து பார்த்தால், நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எடையை எவ்வளவு வேகத்தில் ஏற்றச் சொல்கிறீர்கள்?"