பாடமாக்காத பேச்சு

எட்டாம் ஆண்டில் படித்தபோது ஒரு பேச்சுப் போட்டியில் ஏழாவது வரியில் நின்றுவிட்டேன். தலைப்பு கல்வி. பேச்சை எழுதித் தந்தது ஓர் ஆசிரியர். தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பில் அம்மா தாளைப் பிடித்துக்கொண்டு சரி பார்க்க, ஒரு வாரம் பாடமாக்கியிருந்தேன். மேடையில் ஏழாவது வரியின் முதற்சொல் வரவில்லை. அது வராததால் எட்டாவதும் வரவில்லை, ஒன்பதாவதும் வரவில்லை. கல்வியைப் பற்றிச் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. மழையில் நனைந்த கொப்பியை அடுப்புக்கு மேலே காயவைத்த கதை இருந்தது. படிப்பை விட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன அக்கா இருந்தாள். ஆனால் அதெல்லாம் எங்கள் வீட்டுத் தமிழில் இருந்தது. மேடைக்கென்று கையில் தந்திருந்த தமிழில் அக்காவுக்கு இடமில்லை. அழுதுகொண்டே இறங்கினேன்.

இன்று வெலிமடைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் தமிழ் ஆசிரியை. எனக்கு வந்த அதே தாளைப் பல வருடங்கள் நானும் என் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்தேன். பரிசும் வாங்கினார்கள். ஆனால் பரிசு வாங்கிய பிள்ளையிடம் நடுவர் மேடைக்குக் கீழே வந்து, "மகள், நீங்க சொன்ன அந்தக் கருத்தைக் கொஞ்சம் விளக்குங்க" என்று கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் தாள் எழுதுவதை விட்டுவிட்டேன்.

எழுதிப் பாடமாக்காமல் எப்படிப் பேசுவது என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதற்கு விடை எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. மாசியில் மூன்றாம் பிறை பார்த்துக் காமன் கம்பம் ஊன்றினால், காமன் எரிகிற இரவு வரைக்கும் லயத்தில் யார் தூங்கினார்கள்? என் தாத்தா காமன் கூத்தில் கோமாளி. பகலில் மலையில் கவ்வாத்து வெட்டுகிற மனிதர். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பவர். ஓர் இரவு, காமனின் மனைவி ரதியாக வேடம் கட்டியிருந்த அண்ணனுக்கு ஒப்பாரி நடுவில் பாட்டு மறந்துபோனது. தப்பு மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறது, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. தாத்தா குதித்து உள்ளே போனார். "ஏம்மா ரதி, கண்ணீரு வடிஞ்ச வேகத்துல பாட்டும் சேர்ந்து வடிஞ்சிருச்சா? அழுவாத, ஒம் புருசன் எங்க போனான்னு மொதல்ல எனக்குச் சொல்லு" என்றார். ரதி சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்லப் பாட்டு திரும்பி வந்தது. மறதி விழுந்த இடம்தான் அந்த இரவின் மிக நல்ல இடம் என்று மறுநாள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் பேசிக்கொண்டார்கள்.

தாத்தாவுக்கு அது திடீரென்று வந்த புத்தி அல்ல. காமன் கதையின் நடை முழுதும் அவருக்கு அத்துப்படி: யார் யாருக்குப் பின் வருவார், எந்த இடத்தில் தப்பின் அடி மாறும், எங்கே சிரிப்பு வேண்டும், எங்கே கூடாது. கதையை முழுதாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, சொல்லை மட்டும் அந்த நேரத்துக்கு விட்டுவைத்தார். இசைக்காரர்கள் மனோதர்மம் என்பது இதைத்தான். ராகம் பயிலாதவர் ஆலாபனை செய்ய முடியாது; பயின்றவர் அதே ஆலாபனையை இரண்டு முறை பாடுவதும் இல்லை. நாங்களோ பிள்ளைகளுக்குத் தலைகீழாகச் சொல்லித் தருகிறோம். சொல் மனப்பாடம், பொருள் தெரியாது.

காமன் பண்டிகையை ஒட்டித் தஞ்சைப் பக்கம் லாவணி பாடுவார்கள். காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி, எரியவில்லை என்பது மறு கட்சி. ஒருவர் பாட்டில் கேள்வி போட, மற்றவர் அங்கேயே பாட்டுக் கட்டிப் பதில் சொல்ல வேண்டும். எதிராளி பாடுவதைக் காது கொடுத்துக் கேட்காதவர் அடுத்த அடி எடுக்க முடியாது. இன்றைய மாணவர் விவாதங்களில் எனக்குக் குறையாகப் படுவது இந்தக் காதுதான். எதிரணி என்ன சொன்னாலும் வீட்டில் எழுதி வந்த பதிலையே ஒப்பிக்கிறார்கள்.

தாளில்லாமல் பேசப் பழக்குவது எங்கள் பக்கத்து வழக்கம் மட்டுமல்ல. 1930களின் இறுதியில் சிக்காகோவில் வயோலா ஸ்போலின் என்ற நாடக ஆசிரியை, பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித் தந்தார். தயங்கி நின்ற பிள்ளைகளைப் பேசவைக்க அவர் வசனத் தாள் கொடுக்கவில்லை, விளையாட்டுக் கொடுத்தார். அந்த விளையாட்டுகள் 1963இல் புத்தகமாக வந்தன. நாடகக்காரர்கள் இன்றும் அவற்றை வைத்துப் பயிற்சி எடுக்கிறார்கள். பிழைக்கக் கடல் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகள் என்று படித்ததும் எனக்கு எங்கள் லயங்கள்தான் கண்ணில் வந்தன.

என் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இப்படியான விளையாட்டுக்குத்தான். வட்டமாக உட்காருவோம். ஒரு பிள்ளை ஒரு வரி சொன்னால் பக்கத்துப் பிள்ளை "ஆமா, அதுக்குப் பொறகு" என்று தொடர வேண்டும். "இல்ல, அப்படியில்ல" என்று வெட்டக் கூடாது. முதல் மாதம் சிரிப்பும் வெட்கமும்தான். பிறகு ஒரு பையிலிருந்து ஏதாவது ஒரு பொருளை எடுத்து அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். வீட்டுத் தமிழில் பேசலாம். இதற்குச் சக ஆசிரியர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளைகளின் மேடைத் தமிழ் கெட்டுப்போகும் என்கிறார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. நானும் நல்ல தமிழை உயிராக நினைப்பவள்தான். ஆனால் தன் பேச்சில் நிற்கத் தெரிந்த பிள்ளையை எழுத்துத் தமிழுக்குக் கூட்டிப் போக முடியும். வாயே திறக்காத பிள்ளையை எங்கே கூட்டிப் போவது?

எங்கள் பிள்ளைகள் நாளை பேசப்போகிற இடங்களில் தலைப்பு முன்கூட்டியே வராது. நேர்முகத் தேர்வில் வராது, கிராம சேவகர் மேசைக்கு முன்னால் வராது, சம்பளத்தில் பிடித்த காசுக்குக் கணக்குக் கேட்கிறபோது துரையின் ஒபிசிலும் வராது. அங்கே நாங்கள் வாயடைத்து நிற்பதைப் பார்த்து, ஒன்றும் தெரியாதவர்கள் என்று எழுதிக்கொள்கிறார்கள். அதனால் போட்டிகளை நடத்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஐந்து நிமிடப் பேச்சில் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள், மிச்ச இரண்டு நிமிடத்தில் நடுவர்கள் கேள்வி கேட்கட்டும், அதற்குப் பாதிப் புள்ளி கொடுங்கள். கூத்து மாஸ்டர்கள் இன்னும் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களை வருடத்தில் ஒரு நாள் கலை விழாவுக்கு மட்டும் கூப்பிடாமல், பேச்சுப் பயிற்சிக்கு வகுப்புக்குள் கூப்பிடுங்கள்.

போன வெள்ளிக்கிழமை, வகுப்பில் வாயே திறக்காத ஒரு மகனுக்குப் பையிலிருந்து உருளைக்கிழங்கு வந்தது. வெலிமடையில் அதைப் பார்க்காத பிள்ளை ஏது? கொஞ்ச நேரம் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். பிறகு, விதைக்கிழங்கு வாங்க அவன் அப்பா அடகு வைத்த தோட்டைப் பற்றிச் சொன்னான். மழை பிந்தி வந்ததைச் சொன்னான். அறுவடை நேரத்தில் விலை விழுந்ததைச் சொன்னான். நடுவில் ஒருமுறை நின்றான். பக்கத்திலிருந்த பிள்ளை மெதுவாக, "ஆமா, அதுக்குப் பொறகு?" என்றாள். அவன் தொடர்ந்தான். மணி அடித்தது. யாரும் எழும்பவில்லை.