கோபுரம் மட்டும் போதுமா?

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் செல்லும் மலைப்பாதையில் உள்ள ஊர் நாட்றாம்பாளையம். சுற்றிலும் மலையும் காடும். காவிரியைத் தாண்டினால் கர்நாடகம். இத்தகைய ஊர்களுக்கு இணைய வசதி தருவது பற்றிப் பேச்சு வந்தால், "அங்கெல்லாம் ஒளியிழை எதற்கு? ஒரு செல்பேசிக் கோபுரம் நட்டால் போதாதா? 5ஜி-தான் வந்துவிட்டதே!" என்று நன்கு படித்தவர்களே சொல்கிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. செலவுக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். இயற்பியலே அதற்கு இடம் கொடுப்பதில்லை.

முதலில் "வேகம்" என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. ஒளியிழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னை வரை 400 கிலோமீட்டர் இழை என்று கொண்டாலும் 2 மில்லிவிநாடியில் போய்விடும். காற்றில் செல்லும் ரேடியோ அலையோ இன்னும் விரைவு: விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஆகவே தொலைவு இங்கே குற்றவாளி அன்று. விளம்பரத்தில் வரும் "100 மெகாபிட்" என்பது விநாடிக்கு எத்தனை பிட்டுகள் வந்து சேரும் என்ற அளவு. குழாயில் தண்ணீர் ஓடும் விரைவு அன்று. நிமிடத்துக்கு எத்தனை குடம் நிறைகிறது என்பதைப் போன்றது. (8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பில் 100 மெகாபைட் கோப்பு இறங்க 8 விநாடி ஆகும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகவேண்டாம்!)

அப்படியானால் குடங்களின் எண்ணிக்கையை எது கட்டுப்படுத்துகிறது? இதற்கு 1948-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கர் ஒரு சூத்திரம் தந்தார். இரண்டே அளவுகள்தாம்: அலைப்பட்டையின் அகலம் ஒன்று, சைகை இரைச்சலைப்போல் எத்தனை மடங்கு வலுவாக உள்ளது என்பது மற்றொன்று. அந்த மடங்குடன் 1-ஐக் கூட்டி, அது 2-இன் எத்தனையாவது அடுக்கு என்று கண்டு, அகலத்தால் பெருக்கவேண்டும். கோபுரம் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்குகிறது, சைகை இரைச்சலைப்போல் 15 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 15 உடன் 1 சேர்த்தால் 16. அது 2-இன் 4-ஆம் அடுக்கு. எனவே விநாடிக்கு 80 மெகாபிட். இதை 160 ஆக்க சைகையை இரட்டித்தால் போதுமா? போதாது. 255 மடங்கு வேண்டும், அதாவது பழைய வலுவைப்போல் 17 மடங்கு! மாறாக, நீங்கள் கோபுரத்திலிருந்து நான்கு மடங்கு தள்ளிப்போனால், வெட்டவெளியிலேயே சைகை 16-இல் ஒரு பங்காகிவிடும். 80 மெகாபிட் ஏறத்தாழ 19-க்கு இறங்கும். நடுவில் ஒரு குன்று நின்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த 80-ம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. கோபுரத்தின் அந்தப் பக்கத்தில் உள்ள அனைவருக்கும் பொது. இரவு எட்டரை மணிக்கு 200 பேர் ஒரே நேரத்தில் படம் பார்த்தால் ஆளுக்கு 0.4 மெகாபிட். பல ஆன்டெனாக்களைப் பயன்படுத்தி மொத்தத்தைச் சில மடங்கு உயர்த்தலாம். ஆனாலும் பங்கு பங்குதான். 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது அல்லவா? அதை ஆயிரம் பேர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் அலை குறைவதில்லை. எல்லாருக்கும் ஒரே அலை, ஒரே பாடம். இணையத்தில் ஆளுக்கொரு பாடம் தனித்தனியே வரவேண்டும். வேறுபாடு அதில்தான் உள்ளது.

2022 அக்டோபரில் நம் நாட்டில் தொடங்கிய 5ஜி இதைத் தீர்க்காதா? 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டையில் 100 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு அகலம் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அங்கே அலைநீளம் 9 சென்டிமீட்டர்தான். குறுகிய அலை மலை முகட்டில் வளைந்து பள்ளத்தில் இறங்குவது அரிது. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர். அது ஓரளவு வளைந்து வரும். ஆனால் அந்தப் பட்டையில் பத்து, இருபது மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அகலம் கிடைப்பது அரிது. அகலம் உள்ள அலை வளையாது. வளையும் அலைக்கு அகலம் இல்லை. மலையூரின் சங்கடம் இதுதான்.

இனி இழையைப் பாருங்கள். 1966-இல் சார்லஸ் காவ், ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும் அளவுக்குக் கண்ணாடியைத் தூய்மை செய்தால் போதும், செய்தி அனுப்பலாம் என்று காட்டினார். (2009-இல் நோபல் பரிசு பெற்றார்.) இன்றைய இழையில் 15 கிலோமீட்டர் சென்றபின்னும் பாதி ஒளி மிஞ்சுகிறது! அகலமோ, 1550 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒரு பட்டையில் மட்டும் 40 லட்சம் மெகாஹெர்ட்ஸுக்கு மேல். நம் கோபுரத்துக்குக் கிடைத்தது 20. வீடுகளுக்கு இழை தரும் வழக்கமான முறையில் ஓர் இழையின் 2,488 மெகாபிட்டை 32 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். எல்லா வீடும் ஒரே நொடியில் இழுத்தாலும் வீட்டுக்கு 77 மெகாபிட் உண்டு. அதுவும் போதாவிட்டால் பக்கத்தில் இன்னோர் இழையைக் கட்டலாம். காற்று மட்டும் ஒன்றே ஒன்று.

கோபுரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆடு மேய்ப்பவரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் இழையைக் கட்டிக்கொண்டா நடப்பார்கள்? ஆனால் அந்தக் கோபுரத்துக்கே பின்னால் ஓர் இழை வேண்டும். அது இல்லாமல், மைக்ரோஅலைத் தட்டின் மூலம் மற்றொரு கோபுரத்திடமிருந்து வாங்கிக் கொடுத்தால் அந்த இடுக்கே எல்லையாகிவிடும். காட்டில் இழை கொண்டுபோவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மின்கம்பத்தில் தொங்கும் இழையின் மேல் கிளை விழுந்தால், அறுந்த இடத்தைத் தேடிப்போய் ஒட்டவேண்டும்.

2011-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்து, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பொறுப்பை டான்பிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் ஏற்றது. நல்ல திட்டம். ஆனால் மலையில் ஓர் ஊராட்சி என்பது ஒரு தெரு அன்று. காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள். ஊராட்சி அலுவலகத்தோடு இழை நின்றுவிட்டால், கால்வாயை வெட்டி வந்து வயலின் வரப்போடு நிறுத்தியதற்குச் சமம். பள்ளிக்கும், சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து வீடுகளுக்கும் போகவேண்டிய அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்தான் இப்போது கேட்கப்பட வேண்டியது.

நீங்களே ஓர் ஆய்வு செய்து பாருங்கள். ஒரே செல்பேசியை ஒரே இடத்தில் வைத்து, காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒரு வாரம் வேகத்தை அளந்து நோட்டில் குறியுங்கள். காலையில் மிகுதி, இரவில் குறைவு என்றால் பெரும்பாலும் பங்கீட்டின் நெருக்கடி. இரண்டு வேளையும் குறைவு என்றால் சைகையே எட்டவில்லை, அல்லது கோபுரத்தின் பின்வழி குறுகல். வீட்டில் இழை இருந்தும் மெதுவாக இருந்தால், வைஃபையை விட்டுப் பெட்டியிலிருந்து கணினிக்கு நேராக ஒரு கம்பி கொடுத்து அளந்து பாருங்கள். பல வீடுகளில் குற்றம் இழையில் இல்லை, நடுவிலுள்ள சுவரில். நம் நாட்டில் 2023 சனவரி முதல் 2 மெகாபிட்டுக்குக் குறைந்த இணைப்பை "அகலப்பட்டை" என்று சொல்லக்கூடாது. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.