பாசுபதம் எந்த இரவில் வரவேண்டும்?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை ஆட்டங்களைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேச்செடுத்தால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது பிள்ளைகள் விளையாட்டு, அதிலும் அமெரிக்க விளையாட்டு என்பது அவர்கள் எண்ணம். ஆனால் அந்த ஆட்டத்தின் உள்ளே இருப்பது கதை சொல்லும் கலைதான். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுகிறார்கள், முடிவெடுக்கிறார்கள். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்கிறது. இப்படி ஒரே கதை மாதக்கணக்கில், சில குழுக்களில் வருடக்கணக்கில் நீளும். தொடர்கதை எழுதுபவருக்கு உள்ள சிக்கல்கள் யாவும் இங்கே கதை நடத்துபவருக்கும் உண்டு.

அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வீரர்களுக்குப் புதையலும் மந்திர வாளும் எப்போது, எவ்வளவு கொடுப்பது? கிள்ளிக் கொடுத்தால் ஆடுபவர்கள் சலித்துப்போவார்கள். அள்ளிக் கொடுத்தால் நாலாவது வாரத்திலேயே எதிரி என்று சொல்ல யாரும் மிஞ்சமாட்டார்கள். இதற்கு விடை தேடுபவர்கள் விதிநூல்களோடு நின்றுவிடாமல், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழாவை ஒட்டி நடக்கும் பாரதக் கூத்தையும் ஊன்றிப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

விதிநூல்கள் இந்தக் கேள்வியோடு ஐம்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகின்றன. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில், மீட்டுக் கொண்டுவரும் பொற்காசுக்கு ஒன்று வீதம் அனுபவப் புள்ளி கிடைத்தது. அதாவது புதையல் சேர்ப்பதே வளர்ச்சி. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, எந்தப் படிநிலையில் உள்ள வீரனிடம் எவ்வளவு சொத்து இருக்கவேண்டும் என்று அட்டவணை போட்டது. 2008இன் நான்காம் பதிப்பு புதையலைப் பொட்டலங்களாகப் பிரித்ததோடு, ஆடுபவர்களிடமே விருப்பப் பட்டியல் வாங்கிக்கொள்ளலாம் என்றும் யோசனை சொன்னது. 2014இன் ஐந்தாம் பதிப்பு, தன்னோடு பிணைத்துக்கொண்டால்தான் பயன்தரும் மந்திரப் பொருள்கள் ஒருவரிடம் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு கட்டியது. வரம்பில்லாமல் வாரி வழங்கும் ஆட்டத்தை ‘மான்ட்டி ஹால் ஆட்டம்’ என்று கேலி செய்வதும் வழக்கம். மான்ட்டி ஹால், அமெரிக்கத் தொலைக்காட்சியில் கதவுகளுக்குப் பின்னால் பரிசுகளை வைத்து நிகழ்ச்சி நடத்தியவர்.

இவையெல்லாம் பெரும்பாலும் அளவைப் பற்றிய கவலைகள். கூத்து அளவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வரிசையைப் பற்றிக் கவலைப்படுகிறது.

வில் வளைப்பு, சூது துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, விராட பர்வம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இதில் தபசு எங்கே வருகிறது என்று பாருங்கள். நாடு போனபின், திரௌபதியின் கூந்தல் அவிழ்ந்தபின் வருகிறது. ஊரார் அந்த அவமானத்தைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. இனி இவர்களால் கௌரவர்களை வெல்ல முடியுமா என்ற கேள்வி அவர்கள் நெஞ்சில் விழுந்தபிறகுதான் அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் படிப்படியாக ஏறுகிறார். பாசுபதம் என்ற பரிசுக்கு முன்னால் அதற்கான பள்ளம் தோண்டப்பட்டிருக்கிறது. சூதுக்கு முந்திய இரவில் இதே மரத்தில் இதே மனிதர் ஏறியிருந்தால் அது வெறும் வித்தை.

கிடைத்தபிறகும் பாசுபதம் எளிய பொருளாக இல்லை. அற்பர்மேல் ஏவினால் உலகத்தையே எரித்துவிடும் என்று சொல்லித்தான் சிவன் அதைத் தருகிறார். வியாச பாரதத்தின் வனபருவத்தில் இன்னொரு காட்சி உண்டு. அர்ச்சுனன் தான் பெற்றுவந்த தெய்வாயுதங்களை அண்ணனுக்குக் காட்ட முற்படும்போது பூமி நடுங்குகிறது. நாரதர் வந்து, இலக்கில்லாமல் இவற்றை எடுக்கலாகாது என்று தடுக்கிறார். புதிதாகக் கிடைத்த வாளை அடுத்த நிமிடமே சுழற்றிப் பார்க்கத் துடிக்கும் ஆட்டக்காரரைக் கண்டிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே புரியும்.

கர்ணனின் கதை இன்னும் நுட்பமானது. கவச குண்டலங்களை அறுத்துக் கொடுத்து இந்திரனிடம் அவன் பெற்ற சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைதான் பயன்படும். அர்ச்சுனனுக்கென்று அதைப் பொத்தி வைத்திருக்கிறான். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோத்கசன் கௌரவப் படையைச் சூறையாடும்போது வேறு வழியில்லாமல் அவன்மேல் ஏவிவிடுகிறான். கடோத்கசன் விழுகிறான், பாண்டவர் அழுகிறார்கள், கண்ணன் மட்டும் மகிழ்ந்து கூத்தாடுகிறான். ஒரு மந்திரப் பொருள் கிடைத்த கணம், அதைப் பிடித்து வைத்திருந்த காலம், அது தீர்ந்துபோன கணம் ஆகிய மூன்றும் இங்கே கதையாகியிருக்கின்றன. விதிநூல் அட்டவணையோ முதல் கணத்தை மட்டும்தான் கணக்கில் கொள்கிறது.

வாரி வழங்குவதால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்கு மணிமேகலையிலிருந்து விடை சொல்லலாம். ஆபுத்திரன் சிந்தாதேவியிடம் பெற்ற அமுதசுரபியைக் கொண்டு பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டு வந்தான். இந்திரன் வந்து வரம் தருவதாகச் சொன்னபோது அவனை எள்ளி நகைத்தான். சினந்த இந்திரன் பாத்திரத்தைப் பறிக்கவில்லை. பாண்டிய நாட்டில் மழையைப் பெய்வித்து எங்கும் வளத்தைப் பெருக்கினான். பசித்தவர் ஒருவரும் இல்லாமல் போகவே பாத்திரம் வேலையற்றுப் போயிற்று. கடைசியில் ஆபுத்திரன் மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் நீத்தான். எல்லார்க்கும் எல்லாம் கிடைக்கும் இடத்தில் அற்புதத்துக்கு வேலை இல்லை. ஒவ்வொரு குகையிலும் ஒரு மந்திர மோதிரத்தை வைக்கும் கதை நடத்துநர் இந்திரன் செய்ததைத்தான் செய்கிறார். இந்திரன் தெரிந்து செய்தான். இவர் தெரியாமல் செய்கிறார்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. வேலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் இடையே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலு மணி நேரம் ஒதுக்கி வருபவர்களைப் பட்டினி போட்டால் யார் மறுபடி வருவார்கள்? கூத்து இதற்கும் வழி வைத்திருக்கிறது. தபசு மரத்தின் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் கூட்டத்தின்மேல் விழுகின்றன. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்தி அவற்றைப் பெறுகிறார்கள். கட்டியங்காரன் இரவெல்லாம் சிரிக்க வைக்கிறான். பெரிய வரம் அதன் இரவுக்காகக் காத்திருக்கும்போது சிறிய வரங்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. காத்திருக்க வைப்பது வேறு, பட்டினி போடுவது வேறு.

ஆகவே இருபது அமர்வுகள் நீளும் ஒரு கதைக்குப் பெரிய மந்திரப் பொருள்கள் மூன்று போதும் என்பேன். ஒவ்வொன்றும் ஓர் இழப்புக்குப் பிறகு வரட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை இருக்கட்டும். பாஞ்சாலி உண்டு முடித்தபின் அட்சய பாத்திரம் அன்றைக்கு வெறும் பாத்திரம் என்பது போல. துர்வாசர் சீடர்களோடு வந்து நிற்கும் நெருக்கடி அந்த நிபந்தனையிலிருந்துதானே பிறக்கிறது! ஒன்றாவது கதை முடிவதற்குள் கைவிட்டுப் போகட்டும். மகாபிரஸ்தானத்தில் அக்கினி வந்து கேட்க, அர்ச்சுனன் காண்டீபத்தையே நீரில் எறிந்துவிட்டுத்தான் மேலே நடக்கிறான்.

பொற்காசுக்கும் மாற்று நம் மண்ணிலேயே உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. வீரர்களுக்குக் காசுப் பெட்டிக்குப் பதில் இப்படி ஒரு செப்பேட்டைக் கொடுத்துப் பாருங்கள். காசு அடுத்த சத்திரத்தில் செலவாகிவிடும். செப்பேடோ எல்லைத் தகராறு, ஏரி மராமத்து, பொறாமை கொண்ட பக்கத்துத் தலைவன் என்று அடுத்த பத்து அமர்வுகளுக்குக் கதை தரும்.

இதை எழுதத் தூண்டிய கவலை ஆட்டத்தோடு நிற்பதில்லை. பத்து இரவு நடந்த பாரதம் பல ஊர்களில் இரண்டு மூன்று இரவுகளாகச் சுருங்கிவருகிறது. செலவும் ஆள் பற்றாக்குறையும் மெய்யான காரணங்கள். ஊராரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சுருக்கும்போது எது விடுபடுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். கூட்டம் சேர்க்கும் தபசும் தீமிதியும் நின்றுவிடுகின்றன. அவற்றை நோக்கி ஏறிவரும் இரவுகள் உதிர்கின்றன. தபசு மரத்தை மட்டும் நட்டுவிட்டுச் சூதை விட்டுவிட்டால் நம் கூத்தும் மான்ட்டி ஹால் ஆட்டமாகிவிடும். இரண்டு இரவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அவற்றில் ஒன்று துகிலுரிதலாக இருக்கட்டும் என்று கேட்க ஊரில் யாராவது வேண்டும்.