ஸ்கேனுக்கு என்ன "டை" போடுகிறார்கள்?

"ஸ்கேனுக்கு முன்னாடி டை ஊசி போடணும். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் ஸ்கேன் சென்டர் படியேறியவர்களுக்குப் பழக்கமான வார்த்தைகள் இவை. என்ன மருந்து என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், "அது ஒண்ணும் செய்யாதுங்க" என்பதோடு சரி!

1928-ல் டாக்டர் சௌரிமுத்து காசநோய் சானடோரியம் தொடங்கிய ஊர் இது. நெஞ்சு எக்ஸ்ரே இங்கே புதிதல்ல. அதற்கு ஊசி கிடையாது. சி.டி. ஸ்கேன் அப்படியல்ல. ரத்தக் குழாயும் கட்டியும் பளிச்சென்று தெரிய, அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள்.

அதில் பழைய "அயானிக்" ரகம், பிற்பாடு வந்த "நான்-அயானிக்" ரகம் என இரண்டு உண்டு. ஜப்பானில் 3 லட்சத்துக்கும் அதிகமான ஊசிகளைக் கணக்கெடுத்து 1990-ல் வெளியிட்டார்கள். பழைய ரகத்தில் 100-க்கு 12 பேருக்கு மேல் வாந்தி, அரிப்பு என்று ஏதாவது தொல்லை. புதியதில் 3 பேருக்குத்தான். கடுமையான பாதிப்பு பழையதில் 10 ஆயிரத்துக்கு 22, புதியதில் 4.

பழையது விலை மலிவு. அதனால்தான் கேள்வியே!

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போடுவது காடோலினியம். சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தோல் கட்டையாக இறுகும் நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று 2006-ல் தெரிய வந்தது. சில பழைய ரகங்களை ஐரோப்பா 2017-ல் நிறுத்தி வைத்தது.

ஆகவே ஊசிக்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பது நல்லது. சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறவர் அதைச் சொல்ல வேண்டும். "மீன் ஒத்துக்காதவங்களுக்கு டை ஆகாது" என்பது வெறும் பேச்சு. முன்பு இதே ஊசியால் அவதிப்பட்டவரும் ஆஸ்துமாக்காரரும்தான் முதலில் வாய் திறக்க வேண்டியவர்கள். துளி மருந்தைக் குத்திப் பார்த்து "ஒண்ணும் ஆகலை" என்பதையும் நம்புவதற்கில்லை.

ஆபத்து வந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் வந்துவிடும். ஊசி போட்ட கையோடு பீச் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவரை உட்கார வைக்க ஒரு பெஞ்சு, பக்கத்தில் அட்ரினலினும் டாக்டரும்... ராத்திரி ஸ்கேனுக்கும் இது வேண்டாமா?

பில்லில் "கான்ட்ராஸ்ட்" என்று ஒற்றை வார்த்தை. மருந்தின் பெயரையும் அளவையும் எழுதினால் மை தீர்ந்துவிடாது. எழுதித்தான் தர வேண்டும் என்று சுகாதாரத் துறை உத்தரவு போடட்டும்.