டன்னுக்கு 2,000, பெண்ணுக்கு 200

கம்பம் மெட்டு, போடி மெட்டு மலைச்சாலைகளில் இருவகைப் பாரம் ஏறுகிறது. ஒன்று, கேரளத்திற்குச் செல்லும் சரக்கு லாரி. மற்றொன்று, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் கூலிப் பெண்களை நெருக்கி ஏற்றிச் செல்லும் ஜீப். அப்பெண்களுள் நிலமற்ற தலித்துகள் பலர்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, மிகைச் சுமைக்கு 20,000 ரூபாயும் கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. சரக்கு பக்கவாட்டிலோ உயரத்திலோ வரம்பு மீறி நீண்டாலும் 20,000 ரூபாய். 194ஏ பிரிவோ, போக்குவரத்து வாகனத்தில் மிகையாக ஏற்றப்படும் ஆளொன்றுக்கு 200 ரூபாய் என்கிறது. பத்துப் பெண்களை அதிகம் திணித்தால் 2,000. அதற்கு அடிப்படை அபராதம் என ஒன்று கிடையாது.

அபராதத்தை உயர்த்துக என்பதன்று நமது கோரிக்கை. அது ஓட்டுநரின் தலையிலேயே விடியும். அதே பிரிவு, ஓட்டுபவரோடு ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் தண்டனைக்குரியவராக்குகிறது. ஜீப்பை வரவழைக்கும் தோட்ட உரிமையாளரும் ஆள்பிடிக்கும் கங்காணியும் இவ்வரையறைக்குள் வருவர் என வாதிட இடமுண்டு. அவ்வாதத்தையே நாம் முன்வைக்க வேண்டும். மிகைப் பயணிகளை இறக்கி, அவர்களுக்கு மாற்று வாகனம் ஏற்பாடு செய்த பின்னரே வண்டி நகரலாம் என்றும் அப்பிரிவு கூறுகிறது. பாதி மலையில் இறக்கிவிடப்படும் பெண்ணின் அன்றைய கூலியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.